ஒரு வாய் பானகம்

"தேவயானி, மங்கம்மாக்கா வச்ச ரசத்துல உப்பு சரியா இருக்குதான்னு பாரு."

கோகிலவாணி சொல்லி வாய் மூடுவதற்குள் தேவயானி கரண்டியை உள்ளங்கையில் சாய்த்து உறிஞ்சிப் பார்த்தாள்.

"உப்பு சரிக்கா. மிளகுதான் தூக்கல். ஆனா ருசி இன்னாமா இருக்குது தெரியுமா!"

"அப்படிப் போடு! பின்னிட்டீங்க மங்கம்மாக்கா. மிளகுக்கு மட்டும் கொஞ்சம் கைய இழுத்துப் புடிங்க" என்று கோகிலவாணி குதித்தாள். பிறகு தேவயானி பக்கம் திரும்பி, "உன் பொரியல் எப்படி?" என்றாள்.

"சுமாருக்கா."

"சரி, இறக்கி வை."

அவ்வளவுதான். கரண்டியைத் தொடக்கூட இல்லை. தேவயானிக்குக் காது மடல் வரை சூடேறியது.

கோகிலவாணி செங்கத்தில் ஒரு பெரிய மெஸ்ஸில் சமைத்துப் பேர் வாங்கியவள். போன வருஷம் காய்ச்சலில் படுத்து எழுந்ததும் வேலையை விட்டுவிட்டு ஜமுனாமரத்தூருக்கு வந்து, வீட்டிலேயே மங்கம்மாள், தேவயானி மாதிரி பெண்களுக்குச் சமையல் கிளாஸ் ஆரம்பித்துவிட்டாள். அதை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

அவள் வாயால் "தேறிட்டே" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அருவிப் பக்கம் சாப்பாட்டுக் கடை போட தேவயானியின் புருஷன் தலையாட்டிவிடுவான். ஆனால் அதற்குத் தான் சமைத்ததை அக்கா வாயில் வைக்க வேண்டுமே!

மற்றவர்கள் சமையலை ருசி பார்க்க மட்டும் தன்னை ஏவுகிறாள். பிறகு அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறாள். போன வாரம் தேவயானி பூண்டைத் தீய விட்டதில், தெருவில் போனவர்களெல்லாம் மூக்கைப் பிடித்தார்கள். பக்கத்திலேயே நின்ற அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டக்கூடத் தகுதி இல்லாதவளா நான்? மலைக் கிராமத்துக்காரி கை பட்டது கீழ்நாட்டுக்காரிக்கு இறங்காதோ? நினைக்க நினைக்க அவமானம் பிடுங்கித் தின்றது.

"குழம்புக்குப் புளி கரைச்சு சொம்புல வடிகட்டி மேடையில வச்சிருக்கேன். கத்தரிக்கா பறிச்சிக்கினு வர்றேன்" என்று மங்கம்மாள் கொல்லைக்குப் போனாள்.

இதுதான் சமயம். காலையில் பார்த்துப் பார்த்துக் கரைத்துக் கொண்டுவந்த பானகச் சொம்பைப் பையிலிருந்து எடுத்து, மேடையில் புளிச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்தாள் தேவயானி.

"அக்கா, நான் செஞ்சத நீங்க ஒருநாளும் வாயில வச்சதில்ல. எங்க கை பட்டா இன்னா, தொண்டையில எறங்காதா?"

கோகிலவாணியின் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, இன்னா பேச்சு பேசுற! அப்படியெல்லாம் இல்லம்மா."

"அப்படின்னா இந்தப் பானகத்துல ஒரு வாய் குடிங்க பாக்கலாம்."

கேட்டுவிட்டாளே தவிர, அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். பின்னால் மடக் மடக்கென்று சத்தம் கேட்டது.

"ஒரு வாய் இன்னா, முழுசா குடிச்சிட்டேன் பாரு! அடேயப்பா, வெல்லம் அளவா இருக்குது. ஏலக்கா வாசன ஆளையே தூக்குது. தேறிட்டே தேவயானி! தைரியமா கடையப் போடு."

அந்த வார்த்தை வந்தேவிட்டது! தேவயானி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆசையோடு திரும்பினாள். கோகிலவாணி காலிச் சொம்பைக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தாள். கண்ணில் மட்டும், சரியாகத்தான் சொன்னோமா என்கிற பயம்.

மேடையில் தேவயானியின் பானகம், வைத்தது வைத்தபடி, தளும்பிக்கொண்டிருந்தது.

கத்தரிக்காயோடு உள்ளே வந்த மங்கம்மாள் மேடையைத் தேடினாள். "இங்க வச்ச புளித்தண்ணி எங்கடி?"

கோகிலவாணி கையிலிருந்த சொம்பைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

தேவயானி சட்டென்று அதை வாங்கிக்கொண்டாள். பூண்டு தீய்ந்த நாற்றம் அன்றைக்கு அக்காவுக்கு ஏன் எட்டவில்லை என்று இப்போதுதான் உறைத்தது. தப்பாக நினைத்த வெட்கத்தில் அவளுக்குத் தலை நிமிரவில்லை.

"கை தட்டி நான்தான் கொட்டிட்டேன்க்கா" என்றாள்.