தலைமை உரை

1989 ஜூலை. பிரெஞ்சுப் புரட்சிக்கு இருநூறு வயது. பாரிஸின் லா சப்பலில் எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில், அந்தப் புரட்சி ஏன் வந்தது என்று விளக்க மாலையும் கழுத்துமாக நின்றேன். என்னை விட்டால் பேச ஆளில்லை என்பது என் சொந்த அபிப்பிராயம்.

“ராசா ஒருத்தற்றை சொல்லையும் கேக்கேல்லை,” என்றேன். “எல்லாம் தன்ரை விருப்பந்தான்.”

முன்வரிசையில் மளிகைக்கடைத் தவரத்தினம் பலமாகத் தலையாட்டினார். எனக்கு உற்சாகம் ஏறியது.

“பிரதிநிதிகள் சபையை நூற்றெழுபத்தைஞ்சு வருசமா ஒரு ராசாவும் கூட்டேல்லை!”

காது கிழியக் கைதட்டினார்கள்.

“பிறகென்ன நடந்தது அண்ணை?” என்று யோகராணி எழுந்து கேட்டாள்.

“கடைசியிலை இந்த ராசாவே கூட்டினார், தங்கச்சி. வந்த சனம் சும்மா திரும்பிப் போகேல்லை. பதவியும் போய், தலையும் போச்சுது.”

தவரத்தினம் எழுந்தார். “எங்கடை சங்கத்திலையும் ஏழு வருசமாப் பொதுக்கூட்டம் இல்லை, தலைவர். பொறுத்தது காணும். இண்டைக்குத்தான் எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறியள். புதுத் தலைவரைத் தெரிவு செய்வம்.”

எல்லாக் கைகளும் உயர்ந்தன.

என் பேச்சைக் கேட்க ஆள் சேரட்டும் என்று, அத்தனை அழைப்புக்கும் முத்திரையை நக்கி ஒட்டியது நான்தான்.

யோகராணி என் மாலையைக் கழற்றித் தவரத்தினத்துக்குப் போட்டாள். கழுத்தை மட்டும் என்னிடமே விட்டுவைத்தார்கள்.