சுவரில் மாட்டிய சர்க்யூட்

"சர்க்யூட்ல தப்பு கண்டுபிடிக்கிற டூல்தானே எழுதியிருக்கே? இதுல ஒண்ணு காட்டும்மா. இல்லேன்னா உன் ப்ராஜெக்டை இன்னைக்கே மூடிடலாம்" என்றார் புதிதாக வந்த டைரக்டர், ஆய்வகத்தின் பெண் இன்ஜினியரிடம்.

அவர் காட்டியது, பத்து வருஷமாக ஓடும் சர்க்யூட். அதன் படத்தை ஆய்வகமே பெருமையாகச் சுவரில் மாட்டியிருந்தது.

அவள் டூலை ஓடவிட்டாள். திரை சிவந்தது.

"உள்ளே வர்ற ரெண்டு சிக்னலும் துளி பிசகாம ஒரே சமயத்துல வந்தா இது நின்னுடும் சார்."

"கதை விடாதம்மா!"

டைரக்டரே இரண்டையும் சேர்த்து அனுப்பிப் பார்த்தார். சர்க்யூட் அப்படியே நின்றுவிட்டது. அறையெங்கும் கைதட்டல்.

"உன் ப்ராஜெக்ட் தொடரட்டும்! ஆமா, இதை வரைஞ்ச புண்ணியவான் யாரு?"

"நான்தான் சார்" என்று சிரித்தாள். "வரைஞ்ச நாள்லேர்ந்து எங்கேயோ உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அது என்னன்னு பிடிக்கத்தான் இந்த டூலையே எழுதினேன்!"