பெருவிரல் அடையாளம்

அப்பா வானியல் ஆய்வகத்தில் படம் கழுவுபவர். அப்போதெல்லாம் வானத்தைக் கண்ணாடித் தகட்டில்தான் படமெடுப்பார்கள். ஒருமுறை ஒரு தகட்டின் மூலையில் முட்டை வடிவில் மங்கலான கறை தெரிந்தது. ஈரத்தகட்டில் பெருவிரலை வைத்துவிட்டார் என்று கடிதம் எழுதி அப்பாவை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அந்தக் கடிதத்திலும் அவருக்குக் கொடுத்த பிரதியிலும் கையெழுத்துக்குப் பதில் வேண்டுமென்றே பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டார்கள். "நான் தகட்டத் தொடவே இல்ல," என்று சாகும்வரை சொன்னார்.

அதே ஆய்வகத்தில், பழைய தகடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை எனக்கு. போன மாதம் அந்தத் தகடு வந்தது. துடைத்துப் பார்த்தேன், கறை போகவில்லை. பெரிய தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பும்வரை எல்லோரையும் நச்சரித்தேன்.

அங்கே நீள்வட்ட விண்மீன் மண்டலம் ஒன்று இருந்தது. எந்தப் பட்டியலிலும் இல்லாதது. அதன் ஒளி இங்கே வந்துசேர முப்பது கோடி ஆண்டுகள் ஆகுமாம். இயக்குநரே எழுந்துவந்து கைகொடுத்தார். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதவைத்தேன்.

புதுப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். மண்டலத்தின் குறுக்கே ஒரு தூசிக் கோடு சாய்வாக ஓடியது. அம்மா பீரோவிலிருந்து அந்தப் பழைய கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அப்பாவின் ரேகையிலும் ஒரு வெட்டுத் தழும்பு அதே சாய்வில் ஓடியது. சுற்றியிருந்த மெல்லிய வளையங்களும் ஒன்றுவிடாமல் பொருந்தின.

"அப்போ அப்பா சொன்னது பொய்யாம்மா?"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தகட்டத் தொடலன்னுதானடி சொன்னாரு."