மொட்டைமாடி டிஷ்

வீட்டு இன்டர்நெட்டை ஒயரில்லாமல் நாலு கிலோமீட்டர் தள்ளி அப்பாவின் குடோனுக்கு அனுப்பும் வேலை. குடோனிலிருந்து மெக்கானிக் போன் செய்தார்.

"இங்க டிஷ்ஷை மாட்டியாச்சு பாப்பா. இனி உங்க மாடி டிஷ்ஷை இந்தப் பக்கம் திருப்பணும்."

அப்பாவும் அம்மாவும் வெளியே போயிருந்தார்கள். போனை வைக்காமலே, லேப்டாப்பில் சிக்னலைப் பார்த்தபடி அவள் மாடியை நோக்கிக் கத்தினாள்.

"இன்னும் கொஞ்சம் இடதுபக்கம்ணா!"

எண் மளமளவென்று ஏறியது.

"ஃபுல்! போதும்ணா, இறங்கி வாங்க!"

மெக்கானிக் சிரித்தார். "அண்ணனை நல்லா வேலை வாங்குறியே!"

"எனக்கு ஏது அண்ணன்? மேல இருக்கறது நீங்க அனுப்பின ஆளு. டிஷ்ஷைத் திருப்ப வந்தேன்னாரு, கதவைத் திறந்துவிட்டேன்."

போனில் சிரிப்பு சட்டென்று அறுந்தது.

"நான் யாரையும் அனுப்பலையேம்மா. என் ஆளு இங்க ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்."

மாடிப்படியில் காலடிச் சத்தம் நிதானமாக இறங்கியது.

"இதோ, வந்துட்டேன் பாப்பா."