ஏழாம் ஸ்லைடு

“ஏழாம் ஸ்லைடுல முப்பத்தெட்டு லேப் ‘இருக்கு’ன்னு எழுதியிருக்கு, கிளெனிஸ். ‘இல்லை’ன்னு எழுதின ஒரே ஆள் நீங்கதான்” என்று முடிவுக் கடிதத்தை மேசையில் போட்டான் டேரன்.

ஹோபார்ட் ஆய்வகத்தின் புதிய தலைவன் அவன். கிளெனிஸ் அங்கே முப்பத்தோரு வருடமாகக் குடல் புற்றுநோய்த் திசுக்களைப் பார்க்கும் டாக்டர். ஒருமுறைகூடச் சறுக்கியதில்லை.

ஆய்வகங்களின் திறனைச் சோதிக்க, ஆண்டுக்கு இருமுறை மெல்போர்னிலிருந்து நோயாளியின் பெயரில்லாத திசுக்கள் கண்ணாடி ஸ்லைடுகளில் தேர்வுக்கு வரும். குறிப்பிட்ட புரதம் கட்டியில் இருந்தால் சாயம் ஏறிப் பழுப்பாகத் தெரியும். இல்லையென்றால் நோய் பரம்பரையாக வந்திருக்கலாம், பிள்ளைகளுக்கும் ஆபத்து.

டேரன் நுண்ணோக்கியில் குனிந்தான். “பழுப்பா இருக்கே. எனக்கே தெரியுதே.”

“தெரியும். அது கட்டி இல்லை, கட்டிக்குள்ள சண்டை போடப் போன வெள்ளணு. பக்கத்துல கட்டியோட செல்லைப் பாரு, வெளிறிக் கிடக்கு.”

“அப்போ முப்பத்தெட்டு பேருக்கும் கண்ணு தெரியாதா?”

“அவசரம். காபி குடிச்சுக்கிட்டே பார்த்திருப்பாங்க.”

டேரன் சிரிக்கவில்லை. “தப்புன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. இல்லேன்னா இனி ரிப்போர்ட்ல நீங்க கையெழுத்துப் போட முடியாது.”

 அந்தக் கையெழுத்துதான் கிளெனிஸின் வாழ்க்கை. பேனாவை எடுத்து ஒரு வரி எழுதினார்: ‘ஏழாம் ஸ்லைடில் புரதம் இல்லை. அந்த நோயாளியின் பிள்ளைகளை உடனே சோதியுங்கள்.’

டேரன் தலையில் அடித்துக்கொண்டான். அதையே மெல்போர்னுக்கு அனுப்பிவிட்டு, சொன்னபடி அவர் கையெழுத்தையும் நிறுத்தினான்.

மூன்றாம் வாரம் தேர்வுக் குழுத் தலைவர் ரெக்ஸ் ஹாலோரன் போனில் வந்தார். டேரன் ஸ்பீக்கரில் போட்டான்.

“கிளெனிஸ், நீங்க சொன்னதுதான் சரி. மரபணுவையே பார்த்துட்டோம். முப்பத்தெட்டு லேபுக்கும் திருத்தம் போகுது.”

கிளெனிஸின் தலை தானாக நிமிர்ந்தது. பெருமையை மறைக்க அவர் மெனக்கெடவில்லை. டேரனை ஒருமுறை நன்றாகவே பார்த்தார். பிறகு கேட்டார்: “அந்த நோயாளிகிட்ட சொல்லியாச்சா?”



“அது என் குடல்ல எடுத்த கட்டி, கிளெனிஸ்” என்றார் ரெக்ஸ். “உங்க வரியைப் படிச்சுட்டு மகளைச் சோதனைக்குக் கூட்டிட்டுப் போனேன்; அவளுக்குப் குடல்ல புத்துநோயா மாற இருந்த சதை வளர்ச்சியை இன்னிக்குக் காலையில எடுத்துட்டாங்க.”