அவருக்குத்தான் பயம்

டாக்டரிடம் எங்கே மாற்றிச் சொல்லி மாட்டிக்கொள்வோமோ என்று பஸ்ஸில் வரும்போதே அவள் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டாள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். படித்தவர்கள் முன்னால் உண்மையைச் சொல்லவே நாக்கு குழறும். பொய் என்றால் கேட்கவே வேண்டாம்.

மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அம்மா, நீங்க சுத்திப் பார்க்கப் போறது மழைக்காட்டுத் தீவு. தண்ணி, சாப்பாடு எதுலேருந்தும் வியாதி வரலாமாம். ரெண்டு பேரும் தடுப்பூசி போட்டாத்தான் டிக்கெட். இல்லேன்னா வீட்டுலயே இருங்க."

லீவே போடாமல் அச்சகத்தில் மாடாய் உழைத்த கணவர், அந்தத் தீவின் படத்தை மிஷினுக்கு மேலே ஒட்டிவைத்திருந்தார். முதல் தடவையாகக் கடல் தாண்டப் போகிறார்.

அவளோ ஊசி என்றாலே காத தூரம் ஓடுபவள். இத்தனைக்கும் வேலை, குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. தடுப்பூசி நாளில் பிள்ளைகளை மடியில் அமுக்கிப் பிடித்து, "எறும்பு கடிச்ச மாதிரிதான் செல்லம், அங்க பாரு காக்கா" என்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. நர்ஸ் ஊசியை எடுத்ததும் முதலில் காக்காவைத் தேடுவதும் அவள்தான்.

"சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர் அம்மா.

"எனக்கொண்ணும் இல்லீங்க டாக்டர். இவருக்குத்தான் ஊசின்னா ஆகாது. பயந்த சுபாவம். அதான், போடணுமா வேண்டாமான்னு யோசிக்கிறோம்."

தடுமாறாமல் சொல்லிவிட்டாள். கணவர் இப்போது போட்டு உடைக்கப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமாங்க டாக்டர்" என்றார் அவர் பரிதாபமாக. "ஊசியைப் பார்த்தாலே கண்ணு இருட்டிக்கிட்டு வரும். இவ முதல்ல போட்டுக்கிட்டா, பார்த்துட்டு நானும் போட்டுக்கறேன்."

டாக்டர் ஏனோ குனிந்து சிரித்துக்கொண்டார். "போட்டுக்கறது நல்லதும்மா. அப்புறம் உங்க இஷ்டம்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த மனுஷன் நிஜமாகவே பயந்தாங்கொள்ளியா? இத்தனை வருஷம் தெரியாமல் போச்சே!

ஊசி அறையில் அவர் கை வெடவெடவென்று நடுங்கியது. அதைப் பார்த்ததும் அவளுக்குள் இருந்த ஆயா விழித்துக்கொண்டாள்.

"ஏங்க, வெக்கமா இல்ல? எறும்பு கடிச்ச மாதிரிதான். என்னைப் பாருங்க!"

சொல்லியாகிவிட்டது. இனிப் பின்வாங்கினால் மானம் போகும். உட்கார்ந்தாள்.

"அங்க பாருங்க காக்கா" என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஜன்னலில் தானே தேடினாள். காக்கா இல்லை. துருப்பிடித்த கம்பிதான் இருந்தது. தேடி முடிப்பதற்குள் ஊசி முடிந்திருந்தது.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். "எங்க வீட்டுக்காரர் இருக்காரே, சரியான கோழை" என்று பக்கத்தில் இருந்த அம்மாளிடம் ஆரம்பித்தபோது, பாதி மூடிய கதவுக்குப் பின்னால் நர்ஸின் குரல் கேட்டது.

"என்ன சார் விளையாடுறீங்க? உங்களுக்குத்தான் போன வாரமே போட்டாச்சே!"

"ஷ்... மெதுவாம்மா. வெளியில எங்க வீட்டு ஆயாம்மா இருக்காங்க. கொஞ்சம் பஞ்சு மட்டும் குடுங்க."

வெளியே வந்தார். "அப்பாடா, உயிரே போயிடுச்சு!"

பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார், முழுக்கைச் சட்டையின் மேலேயே.

அவள் பஞ்சைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பக்கத்து அம்மாளிடம் ஆரம்பித்ததை அப்படியே விழுங்கிக்கொண்டு எழுந்தாள். நேரே போய் அடுத்த தவணை ஊசிக்குத் தேதி வாங்கிக்கொண்டு வந்தாள்.

"பயப்படாதீங்க" என்று அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கும் நானே முதல்ல போட்டுக்கறேன். நீங்க இதே மாதிரி பக்கத்துல நின்னு நடுங்கினாப் போதும்."