ஏற்றி இறக்கும் துப்பாக்கி

“ஹாலிஸ் தாத்தா, உங்க கை இவ்ளோ நீளமா இருக்கு. துப்பாக்கி மட்டும் ஏன் குட்டையா இருக்கு?”

போன மாதம் டார்லாவின் கடையில் பேன்கேக்கை மென்றுகொண்டே ஜூனி கேட்ட கேள்வி இது. பதிலை ஹாலிஸின் நண்பரும் அவளுடைய சொந்தத் தாத்தாவுமான டெல்பர்ட்டே சொல்லிவிட்டார். “அவனுக்கு அளவு வைக்கத் தெரியலம்மா. வாங்கத்தான் தெரிஞ்சுது.” கடையே சிரித்தது. ஆறேகால் அடி ஹாலிஸ் காப்பியைக் குடித்தார்.

மொன்டானாவின் அந்தச் சின்ன ஊருக்கு அதன் பிறகு வேறு பொழுதுபோக்கு தேவைப்படவில்லை. ஹாலிஸின் புதுத் துப்பாக்கியில் மரக்கட்டைக்குப் பதில் அலுமினியச் சட்டம். தோளில் பதியும் பின்கட்டையைத் திருகி நீட்டலாம், குறுக்கலாம். கன்னம் வைக்கும் பட்டையை ஏற்றலாம், இறக்கலாம். “சலூன் நாற்காலிடா இது,” என்று டெல்பர்ட் பெயரும் வைத்தார். “மான் வந்து முடி வெட்டிக்குமா, இல்ல சவரம் மட்டுமா?”

டெல்பர்ட்டுடையது வால்நட் மரத்தில் செய்த, அப்பா காலத்துத் துப்பாக்கி. இரண்டு வருடமாக எதையும் வீழ்த்தவில்லை என்பதைத் தவிர அதற்கு ஒரு குறையும் இல்லை. முதல் வருடம் காற்றின் குற்றம். அடுத்த வருடம் சூரியன். பனியில் கவிழ்ந்த வண்டியிலிருந்து ஹாலிஸை இழுத்தபோது ஒடிந்து, பிறகு நீளவே மறுத்த தன் இடது முழங்கையின் மேல் மட்டும் அவர் குற்றம் சொன்னதில்லை.

போன குளிர்காலத்தில் ஹாலிஸ் கொடுத்தனுப்பிய மான் இறைச்சி, “எங்க வீட்ல யாரும் பிச்சை எடுக்கிறதில்ல” என்ற செய்தியோடு திரும்பிப் போயிற்று. இந்த முறையும் வெறுங்கையோடு வந்தால் வேட்டையையே விட்டுவிடுவதாக டெல்பர்ட் மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

வேட்டை தொடங்கிய காலை. மலைமுகட்டில் ஹாலிஸ் தன் துப்பாக்கியைப் பாறையில் சாய்த்தார். “சலூன் நாற்காலி கனக்குதுடா. பாத்துக்க. கீழ தடம் இருக்கான்னு பாத்துட்டு வரேன்.”

“துப்பாக்கி இல்லாம வேட்டைக்குப் போற மொத ஆளு நீதான்டா. மான் எதிர்ல வந்தா என்ன பண்ணுவ, ஜெபமா?”

“பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

பத்து நிமிடத்தில் குதிரை உயர எல்க் மான் ஒன்று மரங்களை விட்டு வெளியே வந்தது. டெல்பர்ட் தன் துப்பாக்கியைத் தூக்கினார். முழங்கை எட்டவில்லை, குழல்முனை ஆடியது. குற்றம் சொல்ல இன்று காற்றும் இல்லை, சூரியனும் இல்லை.

சுற்றிலும் பார்த்தார். கேலி செய்ய ஒருவரும் இல்லை. திருடனைப் போலச் சலூன் நாற்காலியை எடுத்துத் தோளில் வைத்தார்.

முழங்கை நீள வேண்டியிருக்கவில்லை. அவருக்கே அளவெடுத்து வைத்ததுபோல் கன்னம் தானாகப் பட்டையில் போய்ப் பொருந்தியது. கண் நேரே குழல்மேல் இருந்த தொலைநோக்கிக்குள் இறங்கியது. தோட்டா ஏற்றும் போல்ட்டைத் தள்ளிப் பூட்டினார். ஒரே வெடி. எல்க் சாய்ந்தது.

ஹாலிஸ் மேலேறி வந்தார். தடம் தேடப் போனவரின் கால்சட்டையில் உட்காரும் இடமெல்லாம் பனி.

“உன் வால்நட்டாலதானே அடிச்ச?”

“பின்ன?” என்றார், ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லித்தரும் டெல்பர்ட். பிறகு, இன்னும் சூடு ஆறாத சலூன் நாற்காலியை மெல்ல நீட்டினார்.

ஹாலிஸ் கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“நீயே வச்சுக்கடா. எனக்கு அது குட்டை.”